எவர்ஷெட் காலத்துச் சூரியன் எத்தனை எம்பி?

கொடைக்கானலுக்கு டூர் போகிறவர்கள் ஏரி, கோக்கர்ஸ் வாக் எல்லாம் பார்த்துவிட்டு, சூரிய ஆய்வகத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவதுண்டு. 1907-ல் அங்கே வேலைக்கு வந்தவர்தான் ஜான் எவர்ஷெட்.

யார் இவர்?

1864-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். வானியல் அவருக்கு முதலில் பொழுதுபோக்குதான். 1906-ல் மேரி ஆக்வொர்த் ஓர் என்பவரை மணந்தார், மேரியும் வானியலாளர். இருவரும் சேர்ந்தே மலையேறினார்கள்.

என்ன கண்டுபிடித்தார்?

1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்தார். கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் விலகியிருந்தன. புள்ளியின் வெளிவட்டத்தில் வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று அதை வைத்துச் சொன்னார். இதுதான் ‘எவர்ஷெட் விளைவு’. 1911-ல் இயக்குநரானார். 1915-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1923-ல் ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர், 1956-ல் 92 வயதில் காலமானார்.

படங்கள் என்ன ஆயின?

அவர் காலத்துச் சூரியப் படங்கள் எல்லாம் கண்ணாடித் தட்டுகளில் இருந்தன. கண்ணாடி உடையும், பூச்சு மங்கும். அதனால் இந்திய வானியற்பியல் மையம் அவற்றை டிஜிட்டலாக மாற்றியது. ஒரு படத்துக்கு நீளவாக்கில் 4,096, அகலவாக்கில் 4,096 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட்.

கணக்கு எப்படி?

8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக, ஒரு புள்ளிக்கு 2 பைட். பெருக்கினால் ஒரு படம் 3,35,54,432 பைட். இதை எம்பி ஆக்க இரண்டு வழி. இரண்டு முறை 1,000-ஆல் வகுத்தால் 33.6 எம்பி, 1,024-ஆல் வகுத்தால் 32 எம்பி. 1,024 கணக்கில் வரும் அளவுக்குச் சரியான பெயர் மெபிபைட். ஆனால் பேச்சில் அதையும் எம்பி என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான்.

என்ன பெரிய வித்தியாசம்?

ஹார்ட் டிஸ்க் கம்பெனிகள் 1,000 கணக்கில் விற்கின்றன. விண்டோஸ் 1,024 கணக்கில் காட்டுகிறது. அதனால்தான் 1 டிபி டிஸ்க்கைச் செருகினால் 931 ஜிபி என்று வருகிறது. அதில் சுமார் 29,800 படம்தான் அடங்கும். 1,024 கணக்கை நம்பி 32,768 படம் வைக்கலாம் என்று நினைத்தால், கிட்டத்தட்ட 3,000 படத்துக்கு இடமிருக்காது. நாளைக்கு ஒரு படம் என்றால், அது எட்டு வருஷத்துச் சூரியன்!