நோய் வருமுன் காக்கச் சொன்ன நைட்டிங்கேல் அம்மையார்

ஆஸ்பத்திரியில் பணிபுரியும் தாதியரை நம் பெரியவர்கள் மிஸ்ஸி என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். ஊசி போடுபவர், காய்ச்சல் பார்ப்பவர், படுக்கை விரிப்பு மாற்றுபவர், டாக்டர் சொன்னதைச் செய்பவர். மிஸ்ஸி என்றால் நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். பள்ளிப் படிப்பை முடித்த நம் மகள், தாதிப் படிப்புக்கு மனுப்போட வேண்டும் என்று விண்ணப்பத்தாளைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்தபோது நமக்கு அது பிடிக்கவில்லை. வீட்டாருக்கோ அதைவிடப் பிடிக்கவில்லை. இரவு வேலையாயிற்றே, அந்நியரின் மலஜலம் எடுக்கும் வேலையாயிற்றே, நாளை வரன் பார்க்கும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்றெல்லாம் சொன்னோம். பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தத் தாளின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அது புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாறு. கடையில் வியாபாரம் குறைந்த பிற்பகல் வேளைகளில் சிறிது சிறிதாகப் படித்தோம். அதில் கண்டதையும், பிறகு வேறு நூல்களில் தேடிக் கண்டதையும் சங்கத்து அன்பர்களுக்காக இங்கே சுருக்கித் தருகிறோம்.

பிறப்பும் பிடிவாதமும்

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி தேசத்தில் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரையே பிள்ளைக்கு இட்டார்கள். பெற்றோர் இங்கிலாந்தில் பெருஞ்செல்வர்கள். டெர்பிஷயரில் ஒரு மாளிகை, ஹாம்ப்ஷயரில் ஒரு மாளிகை. தந்தையார் கற்றவர். மகள்கள் இருவருக்கும் தாமே ஆசானாக இருந்து கிரேக்கம், லத்தீன், சரித்திரம் முதலியவற்றைக் கற்பித்தார். இளைய மகளாகிய புளோரன்ஸுக்குக் கணக்கில் தனிப் பிரியம் இருந்தது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது இந்தக் கணக்குதான்.

பதினேழு வயது நிரம்பு முன்பே, இறைவன் தம்மை ஏதோ ஒரு பணிக்கு அழைக்கிறான் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. அது நோயாளருக்குச் செய்யும் சேவைதான் என்று பின்னர் தெளிந்தார். 1845-இல் அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் சில மாதம் வேலை பழக அனுமதி கேட்டார். வீட்டில் பெரும் புயல் எழுந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரித் தாதி என்றால் படிப்பில்லாதவள், குடிப்பவள் என்ற கெட்ட பெயர் இருந்தது. செல்வர் வீட்டுப் பெண் அங்கே போவதா என்று தாயாரும் தமக்கையும் அழுதார்கள். இதைப் படித்தபோது, இரண்டு நாள் முன்பு நம் வீட்டில் நடந்த பேச்சே நம் காதில் மறுபடி ஒலித்தது. சிறிது வெட்கமாகவும் இருந்தது.

அம்மையார் பிடிவாதத்தை விடவில்லை. விடியுமுன் எழுந்து ஆஸ்பத்திரி அறிக்கைகளையும் சுகாதார அறிக்கைகளையும் யாருமறியாமல் படித்துக் குறிப்பெடுத்தார். நெடுநாள் தம்மை விரும்பிக் காத்திருந்த ஒரு கனவானை மணக்கவும் மறுத்தார். 1851-இல் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-இல் லண்டன் ஹார்லி வீதியில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு மேற்பார்வையாளர் ஆனார். முடிவில் தந்தையார் மனமிரங்கி ஆண்டுக்கு 500 பவுன் படியளந்தார்.

சுல்தானின் பாசறையில்

அப்பொழுது கிரிமியா யுத்தம் மூண்டது. ருஷியாவை எதிர்த்துத் துருக்கியும் பிரான்சும் பிரிட்டனும் ஒன்றுசேர்ந்து போரிட்டன. காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கப்பலேற்றிக் கருங்கடலைத் தாண்டி இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையிலுள்ள உஸ்குதாருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே சுல்தான் மூன்றாம் சலீமின் பெயர் தாங்கிய சலீமியா பாசறையை ஆஸ்பத்திரியாக்க துருக்கியர் கொடுத்திருந்தனர். சிப்பாய்கள் கவனிப்பாரின்றி மடிவதை லண்டன் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டதும் தேசமே கொதித்தது. மந்திரி சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரை அழைத்தார். 38 தாதியருடன் புறப்பட்ட அம்மையார் 1854 நவம்பர் 4-ஆம் நாள் அங்கே போய்ச் சேர்ந்தார்.

முதலில் ராணுவ டாக்டர்கள் பெண்களை உள்ளே அண்டவிடவில்லை. அம்மையார் சண்டையிடவில்லை, அழைக்கும் வரையில் காத்திருக்கும்படி தாதியருக்குக் கட்டளையிட்டார். இங்கர்மான் சண்டையில் காயம்பட்டவர்கள் வந்து குவிந்ததும் டாக்டர்களே அழைத்தார்கள். பார்த்தால், தரையில் படுக்கை, மாற்றுச் சட்டையில்லை, சோப்பில்லை, துணி துவைக்க வழியில்லை. அம்மையார் தரை தேய்க்கும் பிரஷ்களை வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கொப்பரை வைத்து, சிப்பாய்களின் மனைவிமாரைக் கொண்டு துணி வெளுக்கச் செய்தார். நோயாளிக்கேற்ற கஞ்சியும் ரசமும் சமைக்கத் தனி அடுக்களை அமைத்தார். வேண்டிய சாமான்களை இஸ்தான்புல் கடைத்தெருவில் கைக்காசு போட்டும் வாங்கினார்.

இரவில் எல்லோரும் உறங்கியபின் விளக்கேந்தி வார்டு வார்டாகச் சுற்றிவருவார். படங்களில் அவர் கையில் அலாவுதீன் விளக்கைப் போல ஒன்றை வரைந்திருப்பார்கள். அது தவறு. அவர் ஏந்தியது துருக்கியர் வழங்கிய மடக்கு பானூஸ். உள்ளே மெழுகுவர்த்தி, சுற்றிலும் மெழுகுத் துணி.

இன்னொன்றும் செய்தார். சிப்பாய்கள் சம்பளத்தைக் குடியில் அழிப்பதைக் கண்டு, வாசிப்பறையும் காப்பிக் கடையும் திறக்கச் செய்தார். ஊருக்குப் பணம் அனுப்பவும் ஏற்பாடு செய்தார். சிப்பாய் அனுப்பமாட்டான், குடித்துத்தான் தீர்ப்பான் என்று அதிகாரிகள் நகைத்தார்கள். ஆறு மாதத்துக்குள் 71,000 பவுன் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஊருக்குப் பணம் அனுப்பியே குடும்பங்களைத் தாங்கிய தலைமுறையின் பிள்ளைகளாகிய நமக்கு இதன் அருமை தெரியாதா?

கணக்கு சொன்ன உண்மை

இனித்தான் விஷயமே இருக்கிறது. இவ்வளவு உழைத்தும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் மிகப் பலர் குண்டடியால் சாகவில்லை. சீதபேதி, காலரா, விஷக்காய்ச்சல் ஆகியவற்றால் செத்தார்கள். மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. கட்டடத்தின் அடியில் சாக்கடை அடைபட்டு நாறியது. தண்ணீர் வரும் வழியில் செத்த மிருகம் கிடந்தது. குழுவினர் குப்பையை வண்டி வண்டியாக வாரிக் கொட்டினர், சாக்கடையை அலசிவிட்டனர், காற்று வரச் சாளரங்களைத் திறந்தனர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கிவிட்டது.

1856-இல் ஊர் திரும்பியபோது வரவேற்புகளைத் தவிர்த்து ஓசையின்றி வீடு போய்ச் சேர்ந்தார். சுல்தான் அப்துல் மஜீத் வைர வளையல் அனுப்பியிருந்தார். பிரிட்டிஷ் மகாராணி அழைத்துப் பேசினார். நாடு முழுவதும் அவரைப் புகழ்ந்து பாடிற்று. ஆனால் அம்மையாரின் மனம் ஆறவில்லை. வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர நிபுணருடன் உட்கார்ந்து யுத்தக் கணக்கையெல்லாம் புரட்டினார். பிரிட்டிஷ் படையில் நோயால் இறந்தவர் சுமார் 16,000 பேர். போர்க்களத்திலும் காயத்தாலும் இறந்தவர் 5,000 பேருக்கும் குறைவு. தாம் இரவு பகலாகப் பாடுபட்ட அந்த ஆஸ்பத்திரியே எத்தனையோ பேருக்குச் சாவைக் கொடுத்த இடம் என்பதைக் கணக்கு கூசாமல் எடுத்துச் சொல்லிற்று.

அன்பர்களே, நாம் வியாபாரிகள். நஷ்டக் கணக்கைத் திறந்து பார்ப்பது எவ்வளவு கசப்பு என்பது நமக்குத் தெரியும். ஊரார் மெச்சும்போது நஷ்டத்தை யார் வெளியில் சொல்வார்? அம்மையார் சொன்னார். மாதத்துக்கு ஒரு கூறாக வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, தடுக்கக்கூடிய நோயால் வந்த சாவுக்கு நீலம், காயத்தால் வந்ததற்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு என்று வர்ணம் தீட்டி மந்திரிமார் கையில் கொடுத்தார். எழுத்தைப் படிக்கச் சோம்பும் மந்திரியும் அந்த நீலத்தைப் பார்த்தால் திடுக்கிடுவார். சமாதான காலத்திலும் பாசறையில் வாழும் வாலிபச் சிப்பாய்கள், வெளியிலுள்ள வாலிபர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இறப்பதையும் காட்டினார். பாசறைகளைத் திருத்த வேண்டியதாயிற்று. 1858-இல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது.

தாதியின் வேலை எது?

அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் அம்மையாரின் தாதியியல் கொள்கை. நோயைக் குணமாக்குவது மருந்தும் டாக்டரும் மட்டுமல்ல; இறைவன் உடலுக்குள்ளேயே குணமாகும் சக்தியை வைத்திருக்கிறான். அந்தச் சக்தி தடையின்றி வேலை செய்யும்படி சூழ்நிலையை அமைத்துக் கொடுப்பதே தாதியின் கடமை. தூய காற்று, நல்ல தண்ணீர், சீரான சாக்கடை, சுத்தம், வெளிச்சம், அமைதி, ஏற்ற உணவு ஆகியவை வேண்டும். இவை நோயாளிக்கு மட்டுமல்ல, நோயில்லாதவன் நோயாளியாகாதிருக்கவும் வேண்டும். இதையே தாதிப் பணி பற்றிய குறிப்புகளாக எழுதி வெளியிட்டார். அது ஆஸ்பத்திரித் தாதிக்காக மட்டும் எழுதிய நூலன்று. வீட்டில் பிள்ளையையோ முதியவரையோ கவனிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்காகவும் எழுதியது. 1861-இல் உழைப்பாளிக் குடும்பங்களுக்கென்று மலிவுப் பதிப்பும் போட்டு, குழந்தையைப் பேணுவது பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்தார். நோய்க்கிருமி பற்றிய அறிவு அக்காலத்தில் வளரவில்லை. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அவர் நம்பியதும் உண்டு. ஆயினும் அவர் சொன்ன பரிகாரம் பொய்க்கவில்லை.

மக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பள்ளியைத் தொடங்கச் செய்தார். அங்கே பயின்றவர்கள் உலகெங்கும் சென்றார்கள். லிவர்பூல் நகரத்து வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், ஏழைகளின் வீடு தேடிச் செல்லும் தாதியரை ஏற்படுத்த விரும்பியபோது அம்மையார் வழிகாட்டினார். 1892-இல் பக்கிங்காம்ஷயர் கிராமங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார். நோயே இல்லாத வீடுகளுக்குப் போய், தாய்மாரோடு உட்கார்ந்து சுகாதாரம் சொல்லிக் கொடுக்கும் பெண்களைப் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். நோய்க்குச் சேவை ஒன்று, ஆரோக்கியத்துக்குச் சேவை மற்றொன்று என்று 1893-இல் தெளிவாகவே பிரித்து எழுதினார்.

இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. ஆயினும் அங்குள்ள பாசறைகளுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பிக் கணக்குக் கேட்டார். பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதை 1863-இல் வெளியான விசாரணை அறிக்கை காட்டிற்று. பத்தாண்டுகளில் அது 18 ஆகக் குறைந்ததை அவரே எழுதியிருக்கிறார். சிப்பாயோடு அவர் நிற்கவில்லை. குடியானவனுக்கு நல்ல தண்ணீரும் வயிற்றுக்குச் சோறும் இல்லாமல் ஆரோக்கியம் ஏது என்று கேட்டார். திருச்சிக்கு அருகே முக்கொம்பில் மேலணை கட்டிய சர் ஆர்தர் காட்டனோடு கடிதத் தொடர்பு கொண்டு, நீர்ப்பாசனத்துக்காக வாதாடினார். காவிரிக் கரையிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்கள் இதை அறிந்திருப்பது நலம்.

யுத்தத்தில் பிடித்த காய்ச்சல் அம்மையாரை வெகுகாலம் வாட்டியது. வாழ்வின் பெரும் பகுதியைப் படுக்கையிலும் அறையிலுமே கழித்தார். இத்தனை வேலையும் அங்கிருந்து கடிதத்தாலேயே நடந்தது. முதுமையில் கண்பார்வை போயிற்று. 1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர்ந்த விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள் தமது 90-ஆவது வயதில் காலமானார். மன்னர்களும் அறிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர அரசு முன்வந்தும் குடும்பத்தார் ஏற்கவில்லை. அவர் விருப்பப்படி கிராமத்திலேயே எளிமையாக அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த மே 12-ஐ உலகம் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறது. இஸ்தான்புல்லில் ஆஸ்பத்திரியும் தாதியர் கல்லூரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

முடிவாக ஒரு வார்த்தை. விண்ணப்பத்தாள் மூன்று வாரம் கல்லாப்பெட்டி மேலேயே கிடந்தது, பிறகு கையெழுத்திட்டோம். வீட்டாரும் சம்மதித்தார்கள். வரன் பற்றிய கவலை முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டோம். ஆனால் பெண் பிள்ளை இந்தப் படிப்பை விரும்பினால், மறுக்குமுன் பெற்றோர் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்வோம். சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் நம்மவரிடையே மிகுந்துவிட்டன. கிளினிக்கில் மிஸ்ஸி அருகே உட்கார்த்தி, என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள் என்று கேட்டால், மருந்தைக் கொடுத்தால் போதாதா, இவருக்கு ஏன் இந்த விசாரணை என்று நாம் முகம் சுளிக்கிறோம். அந்த விசாரணையும் மருந்தைப் போன்றதே. நம் மகள் விடுமுறைக்கு வந்தால் முதலில் விசாரிப்பது, தேநீரில் எத்தனை கரண்டி பால் ஊற்றுகிறோம் என்பதைத்தான். கடையில் பால் டின் அடுக்கி விற்கும் நமக்கு அது சற்றுச் சங்கடமான கேள்வி. ஆயினும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கரண்டியும் மூன்றிலிருந்து ஒன்றுக்கு வந்திருக்கிறது.