சார்லஸ் லைட்டோலர்

சார்லஸ் ஹெர்பர்ட் லைட்டோலர் (மார்ச் 30, 1874 – டிசம்பர் 8, 1952) பிரித்தானிய வணிகக் கப்பல் அதிகாரியும் அரச சேமக் கடற்படை அதிகாரியும் ஆவார். 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரியாகப் பணியாற்றிய இவர், அவ்விபத்தில் உயிர் தப்பிய கப்பல் அதிகாரிகளுள் பதவியில் மூத்தவர். இரு உலகப் போர்களிலும் கடலில் இறங்கிய இவர், இரண்டாவது போரில் தம் மகன்கள் இருவரை இழந்தார்.

பிறப்பும் இளமையும்

லைட்டோலர் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்திலுள்ள சோர்லி நகரில், பருத்தி நூற்பாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த குடும்பத்தில் பிறந்தார். இவர் பிறந்த சிறிது காலத்தில் தாய் காய்ச்சலால் இறந்தார். இவருக்கு ஏறத்தாழ 10 வயதானபோது தந்தை நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். மகன் உறவினரிடம் வளர்ந்தார். ஆலைத் தொழிலை விரும்பாது 13 ஆம் வயதில் பாய்மரக் கப்பலில் பயிலுநராகச் சேர்ந்தார். 1900 இல் வைட் ஸ்டார் நிறுவனத்தில் இணைந்தார்.

திருமணம்

1903 இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சில்வியா என்பவரைச் சிட்னியில் மணந்தார். இவர்களுக்கு ரோஜர், ட்ரெவர், பிரையன் ஆகிய மூன்று மகன்களும் இரு மகள்களும் பிறந்தனர்.

டைட்டானிக்

டைட்டானிக் மூழ்கியபோது கப்பலின் இடப்புற உயிர்காப்புப் படகுகளை இறக்கும் பணியில் ஈடுபட்டார். பெண்களையும் குழந்தைகளையும் மட்டுமே ஏற்ற வேண்டும் என்று ஆணையைக் கடுமையாகப் பொருள் கொண்டதால், சில படகுகள் நிரம்பாமலே இறக்கப்பட்டன. இவர் கவிழ்ந்து மிதந்த ஒரு படகின் மீது ஏறி உயிர் தப்பினார்.

முதல் உலகப் போர்

அக்காலத்தில் சேமக் கடற்படை என்பது வணிகக் கப்பல் பணியாளர்கள் அமைதிக் காலத்தில் பயிற்சி பெற்று, போர் மூண்டதும் கடற்படைப் பணிக்கு அழைக்கப்படும் அமைப்பாக இருந்தது. அவ்வாறு அழைக்கப்பட்ட லைட்டோலர், 1916 இல் செப்பலின் வான்கப்பலைத் தாக்கியதற்காகப் பதக்கம் பெற்றார். 1918 சூலையில் கேரி என்னும் போர்க்கப்பலைக் கொண்டு மோதி யூபி-110 என்ற செருமானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தார். நீரில் தத்தளித்த தம் மாலுமிகள் மீது தாக்குதல் நடத்தப்பட்டதாக அந்நீர்மூழ்கியின் தலைவர் பின்னாளில் குற்றஞ்சாட்டினார்.

டன்கேர்க்கும் மகன்களும்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியா இறங்கிய மறுநாளே, செப்டம்பர் 4, 1939 அன்று, வில்லெம்சாவன் துறைமுகத்தின் மீதான வான்தாக்குதலில் இளைய மகன் பிரையன் கொல்லப்பட்டார்.

1940 மே இறுதியில், டன்கேர்க் கடற்கரையில் சிக்கிய படையினரை மீட்பதற்காக இவரது சண்டவுனர் என்ற சொந்தப் படகைக் கடற்படை கேட்டது. 66 வயதான லைட்டோலர் படகைப் பிறரிடம் ஒப்படைக்க விரும்பாது, மகன் ரோஜருடனும் ஓர் இளம் சாரணருடனும் சூன் 1 அன்று தாமே புறப்பட்டார். அதுவரை 21 பேருக்கு மேல் ஏற்றியிராத அப்படகு, வான்தாக்குதல்களுக்கிடையே 127 வீரர்களை ராம்ஸ்கேட் துறைமுகத்தில் சேர்த்தது. தரைப்படையில் இருந்த ட்ரெவரும் டன்கேர்க்கில் இருப்பார் என்று தந்தை கருதியிருந்தார். ஆனால் அவர் ஏறத்தாழ இரு நாட்களுக்கு முன்பே மீட்கப்பட்டிருந்தார்.

டன்கேர்க்கில் தந்தைக்குத் துணை நின்ற ரோஜர், போர் முடியவிருந்த 1945 மார்ச்சில் பிரான்சின் கிரான்வில் துறைமுகத்தில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார்.

இறுதிக் காலம்

போருக்குப் பின் இலண்டனில் படகு கட்டும் தொழில் நடத்திய லைட்டோலர், அந்நகரை மாசு மூடுபனி சூழ்ந்திருந்த 1952 டிசம்பரில் இதய நோயால் காலமானார்.

குடும்பத்தில் காக்கப்பட்ட செய்தி

டைட்டானிக்கின் சுக்கான் தவறான திசையில் திருப்பப்பட்டதை லைட்டோலர் மறைத்தார் என்றும், அதனைப் பாட்டி சில்வியா தமக்குக் கூறினார் என்றும் பேத்தி லூயிஸ் பாட்டன் 2010 இல் தெரிவித்தார். டைட்டானிக் ஆய்வாளர்கள் பலர் இக்கூற்றை ஏற்கவில்லை.