யூஜின் ஹூட்ரி

யூஜின் ஹூட்ரி (ஏப்ரல் 18, 1892 - ஜூலை 18, 1962) பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியியலாளர், கண்டுபிடிப்பாளர் ஆவார். கன எண்ணெயை வினையூக்கியின் துணையால் உடைத்துப் பெட்ரோல் பெறும் முறையைத் தொழில் அளவில் நிறுவியவர் இவர். வாகனப் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றியின் முன்னோடியும் ஆவார்.

இளமை

பாரிசுக்கு அருகிலுள்ள தோமோன் என்னும் ஊரில், எஃகுத் தொழில் செய்தவரின் மகனாகப் பிறந்தார். இயந்திரப் பொறியியல் பயின்று 1911 இல் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றி 1917 இல் படுகாயமுற்றார். போருக்குப் பின் மோட்டார் பந்தயங்களில் கொண்ட ஈடுபாடு இவரை எரிபொருள் ஆய்வுக்கு இட்டுச் சென்றது.

பெட்ரோல் தயாரிப்பு

முதலில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் பெற முயன்றார். அம்முறை செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. பின்னர் கன எண்ணெயின் பக்கம் திரும்பினார். சிலிக்கா-அலுமினா வினையூக்கி எண்ணெயை நன்கு உடைத்தது. ஆனால் அதன் மேல் விரைவில் கரி படிந்தது. காற்றைச் செலுத்திக் கரியை எரித்து வினையூக்கியை மீண்டும் பயன்படுத்தும் வழியை ஹூட்ரி உருவாக்கினார். 1930 இல் அமெரிக்கா சென்றார். சன் ஆயில் நிறுவனம் 1937 இல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கில் பெரிய ஆலையை இயக்கியது. இம்முறையில் கிடைத்த உயர் ஆக்டேன் பெட்ரோல் இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானங்களுக்குப் பயன்பட்டது. விச்சி அரசை எதிர்த்ததால் பிரெஞ்சுக் குடியுரிமையை இழந்த ஹூட்ரி, 1942 இல் அமெரிக்கக் குடிமகனானார்.

புகைத் தூய்மிப்பு

வாகனப் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்ற கவலையால், ஆக்சி-கேட்டலிஸ்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஐதரோகார்பன்களையும் ஆக்சிஜனேற்றம் செய்யும் இவரது வினையூக்கிக்கு 1956 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எனினும் ஆக்டேன் எண்ணை உயர்த்தப் பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயச் சேர்மம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்தது. ஆகவே இவரது வாழ்நாளில் அது கார்களில் பரவவில்லை. ஈயமற்ற பெட்ரோலுடன் 1975 ஆம் ஆண்டு மாதிரி அமெரிக்கக் கார்களிலேயே வினையூக்கி மாற்றிகள் பரவலாயின.

நைட்ரஜன் ஆக்சைடுகள்

ஹூட்ரியின் கருவி ஆக்சிஜனைச் சேர்ப்பது. நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்தோ ஆக்சிஜனை நீக்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் வந்த மூவழி மாற்றி இரண்டையும் செய்தது. அதில் ரோடியத்தின் மேல் கார்பன் மோனாக்சைடும் ஐதரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒடுக்குகின்றன. டீசல் புகையில் ஆக்சிஜன் மிகுதி என்பதால் ஐதரோகார்பன்கள் அதனுடனேயே எரிந்துவிடும். செப்பு ஏற்றிய சியோலைட்டு இத்தடையைக் கடக்கும் என்று 1990 இல் ஜப்பானிய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினர். ஆயினும் நீராவியும் வெப்பமும் அதைச் சிதைத்தன. கனரக வாகனங்களில் யூரியா கரைசல் தரும் அம்மோனியாவே ஒடுக்கியாக நிலைபெற்றது.

இந்தியாவில்

1995 இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. 2000 இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் டி.வி.எஸ். மோட்டாரின் இருசக்கர வாகன ஆலையும் அசோக் லேலண்டின் கனரக வாகன ஆலைகளும் உள்ளன. ஏப்ரல் 2020 முதல் நடைமுறையிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் இவ்விரு வகை வாகனங்களின் நைட்ரஜன் ஆக்சைடு அளவையும் கட்டுப்படுத்துகின்றன. பெட்ரோல் வண்டிகள் மூவழி மாற்றியையும், கனரக டீசல் வண்டிகள் பெரும்பாலும் யூரியா முறையையும் கையாளுகின்றன.

சிறப்புகள்

1959 இல் பெர்க்கின் பதக்கம் பெற்றார். 1990 இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது.