வழி தேடியவர் வழிகாட்டியானார்

வீடு கட்டுவோர் கொத்தனாரைக் கலந்து பேசுகின்றனர். பெண் கொடுப்போர் நாலு பேரிடம் விசாரிக்கின்றனர். ஆனால் வாழ்நாள் முழுவதும் செய்யப்போகும் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் இளைஞன் யாரைக் கேட்பான்? இக்கேள்விக்கு விடை தேடித் தந்தவர் அமெரிக்க அறிஞர் பிராங்க் பார்சன்ஸ். தொழில் வழிகாட்டுதலின் தந்தை எனப் போற்றப்படும் அவரது வாழ்க்கையை இங்குக் காண்போம்.

பார்சன்ஸ் 1854ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1873இல் பட்டம் பெற்றார். இரயில்வே நிறுவனம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. ஆனால் அவ்வாண்டே நாட்டைப் பொருளாதார வீழ்ச்சி தாக்க, நிறுவனம் நொடித்துப் போயிற்று. பட்டதாரியான பார்சன்ஸ் இரும்பாலையில் உடலுழைப்புத் தொழிலாளியானார். பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். அதன் பின் சட்டம் பயின்று 1881இல் வழக்கறிஞராகத் தேறினார். அதற்காகப் படித்த கடும் படிப்பு அவர் உடல்நலத்தைக் கெடுத்தது. நியூ மெக்சிகோவின் திறந்த வெளியில் மூன்றாண்டுகள் தங்கி உடல் தேற வேண்டியதாயிற்று.

பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்ட விரிவுரையாளரானார். 1895இல் பாஸ்டன் நகர மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். இத்தனை தொழில்களில் கால் வைத்தவருக்கு, வழி தெரியாத இளைஞனின் தவிப்பைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை அன்றோ!

பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியில் இத்தாலியரும் யூதருமாகக் குடியேறிய ஏழை மக்கள் நெருக்கமாக வாழ்ந்தனர். அவர்தம் முன்னேற்றத்திற்காக அங்கே சிவிக் சர்வீஸ் ஹவுஸ் என்னும் தொண்டு இல்லம் இயங்கியது. பகலில் உழைப்போர் மாலையில் பயில, 1905இல் அங்கு ஒரு கல்வி நிலையம் தோன்றியது. அதைத் தொடங்கி நடத்தியதில் பார்சன்ஸுக்குப் பெரும் பங்குண்டு. தொழில் தேர்வு குறித்து அவர் பேசக் கேட்ட மாணவர் சிலர், தம்மிடம் தனியே பேச நேரம் ஒதுக்குமாறு வேண்டினர். அவ்வேண்டுகோளே விதையாயிற்று. பாலின் அகாசிஸ் ஷா என்னும் அம்மையாரின் பொருளுதவியுடன் 1908 ஜனவரியில் தொழில் வழிகாட்டு நிலையம் திறக்கப்பட்டது.

அவரது முறை எளியது. முதலில் தன்னை அறிதல். அடுத்துத் தொழில்களை அறிதல். பின் இரண்டையும் பொருத்திப் பார்த்து ஆராய்தல். இதற்கென நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்களை வகுத்தார். இன்ன வேலைக்குப் போ என்று அவர் எவருக்கும் ஆணையிடவில்லை. முடிவு அவரவருடையதே என்பது அவர் கொள்கை. தலையின் அமைப்பைக் கொண்டும் ஒருவரது இயல்பைக் கணிக்கலாம் என அவர் எண்ணியதைப் பின்வந்த அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் மூன்று படிகளோ இன்றும் நிற்கின்றன.

நிலையம் திறந்து சில மாதங்களிலேயே எண்பது பேர் ஆலோசனை பெற்றனர். ஆனால் 1908 செப்டம்பர் 26ஆம் நாள், தம் 53ஆம் வயதில் பார்சன்ஸ் மறைந்தார். தொழிலைத் தேர்ந்தெடுத்தல் பற்றிய அவரது நூல் 1909இல்தான் அச்சேறியது. அதைக் காண அவர் இல்லை. எனினும் அவர் தொடங்கிய பணி பாஸ்டன் பள்ளிகளில் பரவியது. 1913இல் அந்நாட்டில் தொழில் வழிகாட்டுதலுக்கென ஒரு தேசியச் சங்கமே உருவாயிற்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தை எழுதுவது என்று கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. என் போன்றோர் இக்கல்லூரியில் பலர் உளர். பார்சன்ஸின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது ஒன்றே: வழிகாட்டப் பெரும் பொருள் வேண்டியதில்லை, எதிரே இருப்பவனைப் பொறுமையாகக் கேட்கும் மனம் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் நாம் ஒவ்வொருவரும், பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் தம்பி தங்கையர் இருவருடன் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பேசலாம். எந்தப் படிப்பு எங்கே உள்ளது, விண்ணப்பம் எப்போது தருவார்கள், உதவித்தொகை பெறுவது எப்படி என்று நாம் அறிந்ததைச் சொல்லலாம். அதற்கு முன், அவர்கள் எதை விரும்புகிறார்கள் என்று கேட்போமாக!