செவ்வாய்ப்பேட்டையிலே மூண்ட தீ

குப்பனூரிலே நின்றால், கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலை ஒருபுறம்; சேலம் நகருக்கு இறங்கும் பாதை மறுபுறம். சேலத்திலே கிளம்பும் பேச்சு, பேருந்து மலையேறி முடிப்பதற்குள் இரண்டு மடங்காகிவிடும். பேருந்தே இல்லாத 1882-லும் பேச்சுக்குக் கால் இருந்தது. அந்தப் பேச்சிலே சிக்கிச் சிறைவாசல் வரை சென்றவர்தான் சேலம் விஜயராகவாச்சாரியார்.

1852-இல் செங்கற்பட்டு மாவட்டம் பொன்விளைந்த களத்தூரிலே பிறந்தவர். ஆசிரியராக இருந்தார், பிறகு சேலத்திலே வக்கீலானார், நகரசபை உறுப்பினருமானார். நல்ல பெயர், வளரும் தொழில். அந்த நேரத்திலேதான் செவ்வாய்ப்பேட்டையிலே புகைந்தது.

கோயில் ஊர்வலம் செல்லும் வழியிலே ஒரு பள்ளிவாசல். அதன் முன்னே மேளம் கொட்டலாமா, கூடாதா? இவ்வளவுதான் தகராறு! உட்கார்ந்து பேசினால் ஒரு பொழுதிலே தீர்ந்திருக்கும். ஆனால், தம் ஊர்வலம் என்றென்றைக்கும் நின்றுவிடும் என்று இந்துக்கள் அஞ்சினர். தம் தொழுகைக்கே இடமிராது என்று முஸ்லிம்கள் அஞ்சினர். ஒரே சந்தையிலே வாங்கி விற்றவர்கள், ஒருவர் நிழலை ஒருவர் ஐயுற்றனர். ஆகஸ்டிலே கலகம் வெடித்தது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது, இரத்தம் சிந்திற்று.

ஐயம் அத்தோடு நின்றதா? இல்லை; தெருவிலிருந்து அரசாங்க அலுவலகத்துக்குள் நுழைந்தது. இத்தனை பெரிய கலகத்துக்குப் பின்னே படித்த மூளை இருக்கவேண்டும் என்று ஆங்கில ஆட்சி எண்ணிற்று. யாரைப் பிடிப்பது? வாய் திறந்து பேசத் தெரிந்த வக்கீல்தானே கண்ணிலே படுவார்! கலகத்தைத் தூண்டினார் என்று வழக்கு. சாட்சிகளும் வந்தார்கள், வரவழைக்கவா தெரியாது! கீழ்க்கோர்ட்டிலே தண்டனை. உயர்நீதிமன்றமோ குற்றமற்றவர் என்று விடுவித்தது.

சும்மா இருந்தாரா? பொய் சொன்ன சாட்சிகளைக் கூண்டிலே ஏற்றித் தண்டனை பெறச் செய்தார். நகரசபையிலிருந்து தம்மை நீக்கியது தவறென்று இந்தியா மந்திரியின் மீதே வழக்குத் தொடுத்தார், வென்றார். இருக்கை திரும்பிற்று, 100 ரூபாய் நஷ்டஈட்டோடு! அந்தமான் தண்டனைக்கு ஆளானவர்களுக்காக வைஸ்ராய் ரிப்பன் வரை முறையிட்டார். தென்னாட்டுச் சிங்கம் என்று பெயர் பரவிற்று. 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

இவ்வளவும் பெருமைதான். ஆனால் ஒன்று கேட்போம். அவர் மீது விழுந்த பழியைத் துடைக்கக் கோர்ட்டு இருந்தது. செவ்வாய்ப்பேட்டையிலே பள்ளிவாசலை இழந்தவன் நெஞ்சிலே விழுந்த அச்சத்தைத் துடைக்க எந்தக் கோர்ட்டு இருந்தது? அவர் புகழ் பாடுவோர் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரே வரியிலே தாண்டிவிடுகிறார்கள்.

பொய்யான ஐயம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? அவரே 1931-இல் அகோலாவிலே இந்து மகாசபைக்குத் தலைமை ஏற்றார். நமக்கு இது நெருடத்தான் செய்கிறது. ஊர் இரண்டுபட்டபோது சுடுபட்டவர், ஒரு பக்கத்து மேடையிலே போய் அமர்ந்தார். 1944-இல் மறைந்தார், தொண்ணூற்றொரு வயதிலே. வழக்கிலே கிடைத்த அந்த 100 ரூபாயைச் சேலத்திலே வெகுகாலம் பேசினார்கள். இடிந்த சுவரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.