எம்டன் என்னும் சொல்லும் முல்லர் என்னும் மனிதரும்

கண்டிப்பு மிக்க தந்தையையும், எவராலும் ஏமாற்ற இயலாத சூழ்ச்சிக்காரரையும் எம்டன் என்று சுட்டும் வழக்கு தமிழகத்தில் இன்றும் உண்டு. பேச்சிலும் கதையிலும் இடம்பெற்று, 2006ஆம் ஆண்டில் ஒரு திரைப்படத்திற்குப் பெயராகவும் அமைந்த சொல் இது. தமிழ்ப் பெயருடைய படங்களுக்கு வரிவிலக்கு என்ற விதி வந்தபொழுது, அப்படத்தின் பெயர் 'எம்டன் மகன்' என்பதிலிருந்து 'எம் மகன்' என மாற்றப்பட்டது. மக்கள் நாவில் முழுத்தமிழாகிவிட்ட சொல், ஏட்டில் அயற்சொல்லாகவே நின்றுவிட்டது. அச்சொல் ஒரு கப்பலின் பெயர் என்பதைப் பலர் அறிவர். அக்கப்பலைச் செலுத்தியவர் யார், எத்தகையவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்ல் வான் முல்லர் 1873ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தையார் பிரஷ்யப் படையில் கர்னல். மகனும் முதலில் படைப்பள்ளியிலேயே சேர்ந்தார். எனினும் 1891இல் கடற்படைக்கு மாறினார். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பணியாற்றிய காலத்தில் மலேரியாக் காய்ச்சல் அவரைப் பற்றியது. அந்நோய் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. தாயகம் திரும்பியபின் பீரங்கி அதிகாரியாகவும், பெர்லின் கடற்படை அலுவலகத்திலும் பணிபுரிந்தார். ஆரவாரமின்றி, பேச்சைக் குறைத்து, வேலையில் ஆழ்ந்திருக்கும் இயல்பினர். 1913ஆம் ஆண்டில் எம்டன் என்னும் இலகு ரகப் போர்க்கப்பலின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜெர்மானியத் துறைமுக நகர் ஒன்றின் பெயரைத் தாங்கிய அக்கப்பல், சீனக் கரையிலுள்ள சிங்டாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தது.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. கீழ்த்திசையிலிருந்த ஜெர்மானியக் கப்பற்படை பசிபிக் வழியாக விலகிச் செல்ல முடிவு செய்தபொழுது, ஒரு கப்பலையேனும் இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பலாம் என்ற கருத்தை முன்வைத்தவர் முல்லரே. படைத்தலைவர் ஸ்பே அதற்கு இசைந்து எம்டனையே அனுப்பினார். நிலக்கரி பெறத் துறைமுகம் இல்லை. உதவிக்கு வேறு போர்க்கப்பல் இல்லை. மூன்று புகைபோக்கிகள் கொண்ட கப்பலில் நான்காவதாகப் பொய்யான ஒன்றை நிறுத்தி, தொலைவில் நோக்குவார்க்குப் பிரித்தானியக் கப்பல் போலத் தோன்றச் செய்தார். செப்டம்பர் 10ஆம் நாள் முதல் வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரிடம் சிக்கின. சில வாரங்களில் அவ்வெண்ணிக்கை இருபதைக் கடந்தது. சரக்கையும் கப்பலையும் அழித்த அவர், மாலுமிகளை அழிக்கவில்லை. அவர்களை வேறொரு கப்பலில் ஏற்றிப் பாதுகாப்பாகக் கரைக்கு அனுப்பினார். பகைவர் நாட்டுச் செய்தித்தாள்களே அவரது பண்பைப் பாராட்டி எழுதின.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் சென்னைக் கரையை அணுகியது. நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்களைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. எண்ணெய் தீப்பற்றி வானளாவ எரிந்தது. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலொன்றும் தாக்குண்டது. உயர் நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. உயிரிழந்தோர் சிலர். நகரை அழிப்பது முல்லரின் நோக்கமன்று என்பது உண்மையே. ஆயினும் அச்சிலரின் உயிருக்கு அவ்வுண்மை ஈடாகாது. கடலில் பிற மாலுமிகளிடம் கருணை காட்டிய கையே கரையில் நெருப்பையும் பொழிந்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையாகும்.

தாக்குதலால் விளைந்த பொருளிழப்பைக் காட்டிலும் மன அதிர்ச்சியே பெரிது. கடல் ஆங்கிலேயருக்கே உரியது என்ற எண்ணம் ஆழ வேரூன்றியிருந்த காலம் அது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை சிறைக்கொடுமைகளைத் தாங்கி வெளிவந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அத்தகைய வல்லமை பொருந்திய அரசின் கண்ணெதிரே ஒற்றைக் கப்பல் வந்து தாக்கிவிட்டுத் தப்பிச் சென்றது. மக்கள் பலர் அஞ்சி நகரை விட்டு வெளியேறினர். அந்த அச்சமும் வியப்புமே எம்டன் என்னும் சொல்லாகத் தமிழில் உறைந்தன. மலையாளத்தில் எமண்டன் என்பது மிகப் பெரியது என்ற பொருளில் வழங்குவதும் ஒப்புநோக்கத்தக்கது.

அவ்வியப்பின் மற்றொரு விளைவு, செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்னும் செய்தி. மேடைகளிலும் நூல்களிலும் நாம் பலமுறை கேட்ட செய்தி அது. ஆனால் எம்டன் சிங்டாவிலிருந்து புறப்பட்டு வங்கக் கடலை அடைந்த அந்த நாட்களில், அவ்வீரர் ஐரோப்பாவில், சூரிச் நகரில் விடுதலைப் பணியில் ஈடுபட்டிருந்தார். செண்பகராமனின் பெருமைக்கு அவரது மெய்யான தொண்டே போதும். ஒரு கற்பனைப் பயணம் தேவையில்லை.

சென்னையை விட்டகன்ற எம்டன், அக்டோபர் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்தில் உருசியப் போர்க்கப்பல் ஒன்றையும் அதற்கு வெளியே பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளில் அதன் பயணம் முடிவுற்றது. அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிக்க வீரர்களைக் கரையிறக்கியிருந்த வேளையில், ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி வந்து சேர்ந்தது. அதன் தலைவர் ஜான் குளாசப், பிரித்தானியக் கடற்படை அதிகாரி. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை; எட்டும் தொலைவும் மிகுதி. 130க்கும் மேற்பட்ட தோழர்களை இழந்த முல்லர், எஞ்சியோரைக் காக்கும் பொருட்டுக் கப்பலைப் பவளப் பாறையில் மோதி நிறுத்தினார். வென்றவர்கள் தோற்றவருக்குரிய மதிப்பை அளித்தனர்.

முல்லர் மால்டாத் தீவிலும், 1916 முதல் இங்கிலாந்திலும் சிறைவைக்கப்பட்டார். 1917இல் சுரங்கம் வழியாகத் தோழர் இருபதின்மருக்கும் மேற்பட்டோர் தப்பிய முயற்சிக்குத் தலைமை தாங்கி, மீண்டும் பிடிபட்டார். பழைய காய்ச்சல் முற்றவே, 1918 தொடக்கத்தில் சிகிச்சைக்காக நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் தாயகம் திரும்பினார். நாட்டின் மிக உயரிய போர் விருது அவருக்குக் கிடைத்தது. உடல்நலம் குன்றியதால் 1919இல் ஓய்வு பெற்று, பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார். தம் கடற்பயணத்தைப் பற்றி நூலெழுத அவர் உடன்படவில்லை. மாண்ட தோழரின் குருதியைக் காசாக்குவது போலாகும் என்பது அவர் உள்ளத்து உறுத்தல். 1923ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஐம்பது வயது நிரம்புமுன் காலமானார்.

தம்மைப் பற்றி ஒரு நூலும் எழுத மறுத்த மனிதரின் கப்பல், அவர் ஒருநாளும் கேட்டறியாத மொழியில் ஒரு சொல்லாக வாழ்கிறது. அதுவும் அவரது இயல்புக்கு மாறான பொருளில்! அடக்கமும் இரக்கமும் கொண்டவர் அவர். அச்சுறுத்தலையும் சூழ்ச்சியையும் குறிப்பது அச்சொல். சொல் தன்னைப் பிறப்பித்த மனிதரை மறக்கும். அதனை அச்சத்தோடு உச்சரித்த மக்களின் மனநிலையையே நினைவில் வைத்திருக்கும். சொற்களைக் கையாளும் நம்மனோர் உணரத்தக்க செய்தி இது.

தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் கடற்கரை நிலையம் வரை சென்றால், அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் உயர் நீதிமன்றம். அதன் மதிற்புறத்தில் அவ்விரவை நினைவூட்டும் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கவிஞர்கள் ஒருமுறை அதன்முன் நின்று வரலாம். ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் உள்ளன என்பதை அந்தச் சிறு கல் உணர்த்தும்.