தாய்மார்களைக் காத்த லூசி வில்ஸ்

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களிலுள்ள மளிகைக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் மஞ்சள் மூடியிட்ட கரும்பழுப்பு நிறப் போத்தல் ஒன்றைக் காணலாம். அதனுள் இருப்பது மார்மைட். உப்புச் சுவை மிகுந்த, தார் போலக் கறுத்த குழம்பு அது. மலேசியர் பலர் அதைக் கஞ்சியில் கலந்து உண்பர், ரொட்டியில் தடவுவர், கோழி இறைச்சியுடன் சேர்த்தும் சமைப்பர். சமையலறையில் சாதாரணமாக இருக்கும் இந்தப் பொருள், 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இந்தியாவில் கருவுற்ற பெண்கள் பலரின் உயிரைக் காத்தது. அதன் ஆற்றலை ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தவர் டாக்டர் லூசி வில்ஸ் ஆவார்.

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். அவருடைய தந்தை அறிவியல் கற்றவர். தாயார், மருத்துவர் ஒருவரின் மகள். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த அக்காலத்திலும் லூசியின் கல்விக்கு அக்குடும்பம் தடை போடவில்லை. 1907ஆம் ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் நகரின் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் பயின்றார். 1911இல் தேர்வில் தேறினார். ஆனால், அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. ஆண்களோடு சேர்ந்து படித்துத் தேர்வு எழுதினாலும், பெண்களுக்குப் பட்டமளிக்கும் வழக்கம் அப்பல்கலைக்கழகத்தில் அன்று இல்லை. 1948ஆம் ஆண்டில்தான் அந்நிலை மாறியது.

அதே 1911ஆம் ஆண்டில் அவர் தம் தந்தையை இழந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அக்காளும் இறந்தார். துயரத்தில் இருந்த லூசி, 1913இல் தம் தாயாருடன் இலங்கைக்குப் பயணம் மேற்கொண்டார். அடுத்த ஆண்டு அவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. அங்குக் கேப்டவுன் நகர மருத்துவமனை ஒன்றில் சில வாரங்கள் தாதியாகத் தொண்டு புரிந்தார். ஊர் திரும்பியதும் மருத்துவம் கற்க முடிவு செய்தார். 1915ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டன் மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920இல் மருத்துவரானபோது அவருக்கு வயது 32. தனியாக மருந்தகம் தொடங்கிப் பொருள் ஈட்டும் வழி இருந்தும், லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஆராய்ச்சியாளராகப் பணியாற்றவே அவர் விரும்பினார்.

அக்காலத்தில் இந்தியாவில் கருவுற்ற பெண்களிடையே கடுமையான இரத்தசோகை நோய் ஒன்று காணப்பட்டது. நோய் கண்டவர்களின் முகமும் நாக்கும் வெளிறிப்போயின. சிறிது தூரம் நடந்தாலும் மூச்சு வாங்கியது. பலர் குழந்தை பிறப்பதற்கு முன்போ பிறந்த சில நாள்களிலோ உயிர் துறந்தனர். மகப்பேற்றின்போது தாய்மார்கள் இறப்பதற்கான காரணங்களைக் கண்டறியும் பொறுப்பு பம்பாயிலுள்ள ஹாஃப்கின் ஆராய்ச்சிக் கழகத்திடம் இருந்தது. இந்தியாவில் நீண்ட காலம் பணியாற்றிய டாக்டர் மார்கரெட் பால்ஃபர், இந்த நோயை ஆராய வருமாறு லூசியை அழைத்தார். அழைப்பை ஏற்று 1928ஆம் ஆண்டு லூசி பம்பாய் சென்றார்.

நோயாளிகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஓர் உண்மை தெளிவாகத் தெரிந்தது. அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன. ஆனால், அளவில் வழக்கத்தைவிடப் பெரியனவாக இருந்தன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். எனவே, இது வேறு வகை நோய் என்பது புலனாயிற்று. விலங்குகளின் ஈரலை உண்டால் ஒருவகைக் கொடிய இரத்தசோகை குணமாகும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 1926இல் அறிவித்திருந்தனர். ஆயினும், ஈரலிலிருந்து எடுக்கப்பட்ட மருந்தின் விலை அதிகம். அன்றாடக் கூலிக்கு வேலை செய்யும் குடும்பத்தால் அதை வாங்க இயலாது.

லூசி முதலில் பெண்களின் வாழ்க்கை நிலையை ஆராய்ந்தார். ஆய்வுத் துணைவர்களோடு சேர்ந்து, பம்பாயின் பல்வேறு பிரிவுப் பெண்கள் எத்தகைய வீட்டில் வாழ்கின்றனர், என்ன உண்கின்றனர் என்னும் விவரங்களைத் திரட்டினார். காய்கறி, கீரை, பால், பழம் ஆகியவை மிகக் குறைவாகக் கிடைத்த ஏழைப் பெண்களே இந்நோய்க்கு அதிகமாக ஆளானது தெரிய வந்தது. நோயின் வேர் உணவில்தான் இருக்கிறது என்று அவர் கருதினார்.

அக்கருத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 1929ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் அவர் தம் ஆய்வைத் தமிழ்நாட்டின் நீலகிரி மலையிலுள்ள குன்னூருக்கு மாற்றினார். அங்குள்ள பாஸ்டர் கழகத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் அறிஞர் உணவுச் சத்துகளைப் பற்றி ஆராய்ந்து வந்தார். பம்பாயின் ஏழைப் பெண்கள் உண்ட உணவைப் போன்ற உணவையே லூசி வெள்ளெலிகளுக்குக் கொடுத்தார். கருவுற்ற எலிகள் இரத்தசோகையால் வாடின. குட்டி ஈனும் முன்னரே இறந்தன. அதே உணவோடு ஈஸ்டைச் சேர்த்துக் கொடுத்தபோது எலிகளுக்கு அந்நோய் வரவில்லை.

எனினும், இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் தோன்றியது. எலிகளின் உடலில் பேன்கள் இருந்தன. அப்பேன்கள் பரப்பிய கிருமியும் இரத்தசோகையை உண்டாக்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. தம் முடிவு சரியாகத்தான் இருக்கும் என்று லூசி அதைப் புறக்கணிக்கவில்லை. உடலமைப்பில் மனிதரோடு மேலும் நெருங்கிய குரங்குகளைக் கொண்டு சோதனையைத் திரும்பவும் செய்தார். அவ்வகை உணவால் குரங்குகளுக்கும் பெரிய சிவப்பணுக்கள் கொண்ட இரத்தசோகை ஏற்பட்டது. ஈஸ்டிலிருந்து எடுக்கப்பட்ட சாற்றைக் கொடுத்ததும் அவை தேறின. அந்தச் சாறுதான் மார்மைட். பீர் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படுவதால் அதன் விலை மலிவு. கடைகளிலும் அது எளிதாகக் கிடைத்தது.

கருவுற்ற நோயாளிகளுக்கும் லூசி மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். சில நாள்களிலேயே அவர்களுக்குப் பசி எடுத்தது, சோர்வு குறைந்தது. இரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் பெருகின. 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னையில் பணியாற்றினார். திருவல்லிக்கேணியில் பெண்களுக்கென்றே நடத்தப்பட்ட அந்த மருத்துவமனை இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படுகிறது. அதே ஆண்டில் தம் கண்டுபிடிப்பைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

நோயைக் குணப்படுத்தும் பொருள் மார்மைட்டில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஆனால், அது என்ன பொருள் என்பது லூசிக்கும் தெரியவில்லை. அன்று அறியப்பட்டிருந்த உயிர்ச்சத்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்தும் விடை கிடைக்கவில்லை. 1937ஆம் ஆண்டு மற்றொரு முக்கியமான உண்மையை அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். நன்கு தூய்மைப்படுத்தப்பட்ட ஈரல் மருந்து, வேறு வகைக் கொடிய இரத்தசோகையைக் குணப்படுத்தியது. ஆனால், இந்த நோயைக் குணப்படுத்தவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரல் சாறோ பயன் தந்தது. ஆகவே, இரண்டு நோய்களும் வேறு. அவற்றைத் தீர்க்கும் பொருள்களும் வேறு. பெயர் தெரியாத அந்தப் புதிய பொருளை அறிவியலாளர்கள் 'வில்ஸ் காரணி' என்று குறிப்பிட்டனர்.

பல நாட்டு அறிஞர்கள் அப்பொருளைத் தேடினர். 1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆய்வாளர்கள் நான்கு டன் கீரையைப் பயன்படுத்தி ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவினர், 1945இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினர். லூசி தேடிய பொருள் அதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

உடலின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அது போதிய அளவு இல்லையென்றால், இரத்த அணுக்கள் உரிய நேரத்தில் பிரிய முடியாமல் பருத்துவிடுகின்றன. வயிற்றில் குழந்தை வளரும்போது உயிரணுக்கள் விரைவாகப் பெருகுவதால், தாய்க்கு இச்சத்து கூடுதலாகத் தேவைப்படுகிறது. கீரை, பருப்பு, பயறு, ஆரஞ்சு ஆகியவற்றில் இது உண்டு. நெடுநேரம் கொதிக்க வைத்தால் இச்சத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும்.

லூசியின் ஆய்வு மலேசியாவுக்கும் தொடர்புடையதே. அவர் இந்தியாவில் ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் பலர் பால்மரம் வெட்டிப் பிழைத்தனர். மலேரியாவும் கொக்கிப்புழுவும் சத்துக் குறைவும் தோட்டப்புற மக்களின் இரத்தத்தைக் குறைத்தன. கருவுற்ற பெண்களே அதனால் மிகுதியாகத் துன்புற்றனர். இன்றோ நிலைமை மாறிவிட்டது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அரசாங்கச் சுகாதார நிலையங்களுக்குச் செல்லும் கருவுற்ற தாய்மார்களின் இரத்தம் சோதிக்கப்படுகிறது. இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் அமில மாத்திரையும் அவர்களுக்குக் கொடுக்கப்படுகின்றன.

ஃபோலிக் அமிலத்தின் மற்றொரு பயனும் பிற்காலத்தில் தெரிய வந்தது. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும்போது ஏற்படும் கடுமையான குறைபாடு, இச்சத்தை முன்கூட்டியே உட்கொண்டால் பெரிதும் குறைகிறது. இத்தகைய குறையுள்ள குழந்தையை முன்னரே பெற்றிருந்த தாய்மார்களிடம் பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வில், அது 72 விழுக்காடு குறைந்தது என்று 1991இல் அறிவிக்கப்பட்டது. அவ்வுறுப்புகளின் அடித்தளம் கரு உண்டான முதல் நான்கு வாரங்களிலேயே அமைந்துவிடுகிறது. அதற்குள் தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அறிந்திருக்க மாட்டார்கள். எனவேதான், குழந்தை பெறத் திட்டமிடும்போதே மாத்திரையைத் தொடங்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். குடும்பத் திட்டமிடல் என்பது குழந்தைகளின் எண்ணிக்கையை மட்டும் பற்றியதன்று. தாயின் உடல்நலத்தை முன்கூட்டியே பேணுவதும் அதில் அடங்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது லூசி லண்டன் மருத்துவமனையில் நோய்க்கூற்றியல் துறையில் பணியாற்றினார். 1944இல் எதிரிகளின் பறக்கும் குண்டு மருத்துவமனையைத் தாக்கியது. பணி சில நாள்களே தடைபட்டது. பங்கீட்டு உணவு உண்டு வாழ்ந்த பெண்கள், குழந்தைகளின் இரத்த நிலையையும் அவர் போர்க்காலத்தில் ஆராய்ந்தார். 1947இல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஜமைக்கா, பிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று உணவையும் இரத்தசோகையையும் பற்றிய ஆய்வைத் தொடர்ந்தார். லண்டனின் செல்சி பகுதியில் நகராண்மை உறுப்பினராகவும் மக்களுக்குத் தொண்டாற்றினார்.

திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த லூசி வில்ஸ், 1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16ஆம் நாள் தமது 75ஆம் வயதில் காலமானார். தாம் தேடிய பொருளை முதலில் பிரித்தெடுத்தவரும் பெயரிட்டவரும் அவரல்லர். ஆனால், அதைத் தேட வேண்டும் என்று உலகிற்குக் காட்டியவர் அவரே. மருந்தின் பெயர் தெரியும்வரை காத்திருந்தால் எத்தனையோ தாய்மார்கள் இறந்திருப்பர். ஏழைப் பெண்ணின் உணவுத் தட்டில் என்ன இல்லை என்பதை அவர் முதலில் கேட்டறிந்தார். அவளால் வாங்கக்கூடிய விலையில் ஒரு தீர்வையும் கண்டறிந்து கொடுத்தார்.